பதினைந்து அங்குலப் பாதையில் ஒரு முழுமையான ரயில்வே: ரோம்னி, ஹைத், டிம்சர்ச் பயண மதிப்புரை

ஹைத் நிலையத்தில் நடைமேடை முடியும் இடத்தில் நின்றுகொண்டு, அடுத்த பயணத்துக்குத் தயாராகும் எஞ்சினின் தண்டு மூட்டுகளுக்கு ஓட்டுநர் ஒவ்வொன்றாக எண்ணெய் விடுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தேன் என்பதுதான் இந்த மதிப்புரையில் நான் முதலில் பதிவு செய்ய விரும்பும் செய்தி. திருச்சி பொன்மலையில், பணிமனைச் சங்கு ஊதும் நேரத்தை வைத்துக் கடிகாரத்தைச் சரிபார்க்கும் வீட்டில் வளர்ந்த எனக்கு, நீராவி எஞ்சின் என்பது எப்போதும் அண்ணாந்து பார்க்கும் பொருளாகவே இருந்துவந்தது. அங்கே சக்கரமே தோளுயரம் நிற்கும். கொதிகலனின் மேற்புறத்தில் என்னென்ன இருக்கின்றன என்பதைப் படம் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே ஓட்டுநர் எதைத் திருப்புகிறார், எதை இழுக்கிறார் என்பது கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டாது. இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில், கென்ட் கடலோரச் சமவெளியில் ஓடும் ரோம்னி, ஹைத், டிம்சர்ச் ரயில்வேயில் அதே எஞ்சின் அதே உறுப்புகளோடு, நெருப்பும் நீருமாக, ஏறக்குறைய நம் நெஞ்சுயரத்தில் வந்து நிற்கிறது. பெரிய எஞ்சினில் மறைந்து கிடப்பதெல்லாம் இங்கே கண்பார்வைக்குக் கீழே திறந்து கிடக்கிறது. இருபது ஆண்டுகளாக நீராவி ரயில்களைத் தேடித் தேடிப் போய்வரும் நான், வால்வு இயக்கத் தண்டுகள் ஒன்றோடொன்று எப்படி இணங்கி அசைகின்றன என்பதை முழுமையாகப் புரிந்துகொண்டது இந்தச் சிறிய நடைமேடையில்தான்.

இந்தப் பாதை 1927 ஜூலை 16 அன்று ஹைத்துக்கும் நியூ ரோம்னிக்கும் இடையே திறக்கப்பட்டு, அடுத்த ஆண்டில் டஞ்சநெஸ் முனை வரை நீட்டிக்கப்பட்டது. மொத்த நீளம் பதின்மூன்றரை மைல், அதாவது ஏறத்தாழ 21.7 கிலோமீட்டர். இரு தண்டவாளங்களுக்கும் இடைப்பட்ட அகலம் 15 அங்குலம், 381 மில்லிமீட்டர். நம் ஊரில் பொம்மை ரயில் என்று செல்லமாக அழைக்கப்படும் ஊட்டி ரயிலின் பாதை 1,000 மில்லிமீட்டர் அகலம் கொண்டது என்பதை நினைத்துப் பார்த்தால், இது எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ஆனால் பொம்மை என்ற சொல்லை இந்த ரயில்வேக்கு வழங்க எனக்கு மனம் வரவில்லை. பூங்காக்களில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வட்டம் சுற்றிவரும் வண்டி வேறு. கால அட்டவணை, இரட்டைப் பாதை, சிக்னல் கேபின், எஞ்சின் கொட்டகை, பணிமனை, சாலைக் கடவுகள் ஆகியவற்றோடு ஊர்களை இணைத்து ஓடும் ரயில்வே வேறு. உலகின் மிகச் சிறிய பொது ரயில்வே என்று இது நெடுங்காலம் தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. அந்த விளம்பரத்தில் 'சிறிய' என்ற சொல்லைவிடப் 'பொது' என்ற சொல்லையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இப்படி ஒன்று ஏன் உருவானது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பயணத்தின் சுவை இரட்டிப்பாகும். லூயி ஸ்போரோவ்ஸ்கி என்ற இளம் பிரபு, கேப்டன் ஜே. இ. பி. ஹோவி என்ற முன்னாள் ராணுவ அதிகாரி ஆகிய இருவரும் பெருஞ்செல்வர்கள். இருவருமே பந்தயக் கார் ஓட்டுபவர்கள். இருவருக்கும் சிறிய அளவிலான நீராவி ரயில்களின் மேல் தீராத பித்து. அந்நாளில் பதினைந்து அங்குலப் பாதை புதிய எண்ணம் அன்று. சர் ஆர்தர் ஹேவுட் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பண்ணைகளுக்கும் பெருந்தோட்டங்களுக்கும் பயன்படக்கூடிய மிகக் குறைந்த பாதை அகலம் பதினைந்து அங்குலமே என்று வாதிட்டு, செய்தும் காட்டியிருந்தார். ஆனால் ஹேவுடின் எஞ்சின்கள் உழைப்புக்காகவே செய்யப்பட்டவை. அழகு அவற்றின் நோக்கம் அன்று. ஸ்போரோவ்ஸ்கியும் ஹோவியும் விரும்பியது, நெடுந்தூர விரைவு ரயிலின் தோற்றமும் வேகமும் கொண்ட ஒரு முதன்மைப் பாதையைச் சிறிய அளவில் கட்டுவது. அதற்கு அவர்களுக்கு வாய்த்த வடிவமைப்பாளர் ஹென்றி கிரீன்லி. அன்றைய பெரிய ரயில்வேயில் நைஜல் கிரெஸ்லி உருவாக்கியிருந்த பசிபிக் வகை விரைவு எஞ்சின்களை முன்மாதிரியாகக் கொண்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவில் கிரீன்லி வரைந்த எஞ்சின்களைக் கோல்செஸ்டர் நகரின் டேவி பாக்ஸ்மன் நிறுவனம் கட்டித் தந்தது.

முதல் இரண்டு எஞ்சின்களுக்கும் ஆணை கொடுத்தவர் ஸ்போரோவ்ஸ்கி. அவை முடிந்து வெளிவருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. 1924 அக்டோபரில் இத்தாலியின் மோன்சா பந்தயக் களத்தில் மெர்சிடிஸ் கார் ஓட்டுகையில் நேர்ந்த விபத்தில், இருபத்தொன்பது வயதில் அவர் இறந்துபோனார். எஞ்சின்கள் உண்டு, ஓட்டுவதற்குப் பாதை இல்லை என்ற நிலையில் ஹோவி தனியாக நின்றார். இடம் தேடி அலைந்த காலத்தில் கிரீன்லி சுட்டிக்காட்டியதுதான் மேடுபள்ளம் இல்லாத இந்த ரோம்னி சதுப்புச் சமவெளி. 1926 ஆகஸ்டில், பாதி கட்டப்பட்டிருந்த பாதையைப் பார்க்க வந்த யார்க் கோமகன், பின்னாளில் ஆறாம் ஜார்ஜ் மன்னரானவர், 'நார்தர்ன் சீஃப்' எஞ்சினைத் தாமே ஓட்டிப் பார்த்தார். அந்த எஞ்சினும், அதற்கு முன்னவளான 'கிரீன் காடெஸ்' எஞ்சினும் 1925-இல் கட்டப்பட்டவை. இரண்டும் நூறு வயதைத் தொட்டுவிட்டன, இரண்டும் இந்த ரயில்வேயின் உழைக்கும் எஞ்சின்களாகவே தொடர்கின்றன. காட்சிக்கூடத்தில் கயிறு கட்டி நிறுத்தி வைத்திருந்தால் அவற்றின் மேல் எனக்கு இந்த மதிப்பு வந்திருக்காது.

லண்டனிலிருந்து செல்பவர்கள் அதிவேக ரயிலில் ஃபோக்ஸ்டன் வரை வந்து, அங்கிருந்து பேருந்தில் ஹைத் செல்லலாம். நான் சென்ற நாளில் பேருந்துக்காக நெடுநேரம் நிற்க நேர்ந்தது. அதனால் திட்டமிட்டிருந்த காலை ரயில் கைநழுவிப் போயிற்று. ஆகையால் பேருந்தை நம்பிச் செல்பவர்கள் ஒரு மணி நேரமாவது முன்னதாகப் புறப்படுவது நல்லது. ஹைத் நிலையம், நெப்போலியன் படையெடுப்பான் என்று அஞ்சி 1804 முதல் வெட்டப்பட்ட ராணுவக் கால்வாயின் அருகிலேயே இருக்கிறது. கூரை வேய்ந்த முகப்பு, வரிசையாகத் தடங்கள், தண்ணீர்த் தொட்டி, கடைசியில் சுழல்மேடை என்று பெரிய நிலையத்துக்குரிய எதுவும் இங்கே விடுபடவில்லை. இதுவே பாதையின் வடமுனை என்பதால், வந்த எஞ்சின் பெட்டிகளிலிருந்து கழன்று, சுழல்மேடையில் ஏறி, ஆட்கள் கையால் தள்ள மெல்லத் திரும்பி, தண்ணீர் பிடித்துக்கொண்டு, மறு முனையில் வந்து கோத்துக்கொள்ளும் சடங்கு ஒவ்வொரு ரயிலுக்கும் நடக்கிறது. இதைப் பார்ப்பதற்காகவே ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினேன்.

அந்தச் சிறிது நேரத்தில் நான் மிக அருகிலிருந்து கண்டதைச் சொல்ல வேண்டும். இந்த எஞ்சின்களில் நெருப்புக்காரர் என்று தனியாக ஒருவர் இல்லை. ஓட்டுபவரே கரியும் போடுகிறார், தண்ணீரும் ஏற்றுகிறார், சிக்னலையும் பார்க்கிறார். அவர் நிற்க முடியாது; தாழ உட்கார்ந்து, கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு, நெருப்புக் கதவுக்கு நேர் எதிரே இருக்கிறார். புறப்படுவதற்கு முன் அந்தக் கதவைத் திறந்து, சிறிய கரண்டி போன்ற மண்வாரியால் கரியை அள்ளி, இடது மூலைக்கு ஒன்று, வலது மூலைக்கு ஒன்று, கதவின் அடியில் ஒன்று என்று மூன்று முறை போட்டுவிட்டு மூடினார். மூடிய கையோடு அழுத்தமானியைப் பார்த்தார். முள் அசையும் வரை பார்வையை எடுக்கவில்லை. அவருடைய கையுறையின் பெருவிரல் பகுதி கருகிப் பளபளத்தது. புகைபோக்கியிலிருந்து கரும்புகை ஒரு கணம் எழுந்து, சாம்பல் நிறமாகி, பிறகு வெறும் வெப்ப அலையாக மாறிற்று. நெருப்பு நன்றாகப் பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

மூன்று முறை மட்டும் போட்டது கஞ்சத்தனத்தால் அன்று. அளவைச் சுருக்கினாலும் இயற்கை விதிகள் சுருங்குவதில்லை என்பதுதான் சிற்றளவு ரயில்களின் உள்ளே இருக்கும் உண்மையான சிக்கல். நீளத்தை மூன்றில் ஒன்றாக்கினால் பரப்பு ஒன்பதில் ஒன்றாகவும் கொள்ளளவு இருபத்தேழில் ஒன்றாகவும் குறைந்துவிடுகிறது. நெருப்புப் பெட்டியில் தங்கும் கனல் குறைவு. அதைச் சூழ்ந்த சுவரின் பரப்போ ஒப்பளவில் அதிகம். பெரிய எஞ்சினில் கனல் மெத்தையாகக் கிடக்கும். ஒரு முறை கரி போடத் தவறினாலும் தாங்கும். இங்கே சில நிமிடக் கவனக்குறைவு அழுத்தத்தை இறக்கிவிடும். கூடுதலாகக் கொட்டினாலோ நெருப்பு மூச்சுத் திணறும். ஆகவே கொஞ்சமாகவும் அடிக்கடியும் போட வேண்டும், அதையும் ஓடிக்கொண்டே, பாதையைக் கவனித்துக்கொண்டே செய்ய வேண்டும். அளவில் சிறிய எஞ்சினை ஓட்டுவது எளிது என்று எண்ணியிருந்தவர்கள் ஹைத் நடைமேடையில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

கணக்கில் இன்னொரு நுட்பமும் உண்டு. வழக்கமான பாதையின் அகலமாகிய 1,435 மில்லிமீட்டரை 381 ஆல் வகுத்தால் மூன்றே முக்கால் வருகிறது. அதாவது பாதை நான்கில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். எஞ்சினோ மூன்றில் ஒரு பங்கு. கிரீன்லி வேண்டுமென்றே பாதைக்குப் பெரிதான எஞ்சினை வைத்திருக்கிறார். பெரிய கொதிகலனுக்கும், ஓட்டுநருக்கு உட்கார ஓர் இடத்துக்கும் அந்த வேறுபாடுதான் வழிவிட்டது. முன்னால் நின்று நேராகப் பார்த்தால், அகன்ற தோள்களைக் கொண்ட ஒருவர் இரு பாதங்களையும் நெருக்கி வைத்து நிற்பதைப் போலத் தோன்றும். படங்களில் இது தெரிவதில்லை. நேரில் பார்த்த பிறகே, இந்த எஞ்சின்கள் ஏன் வெறும் பிரதிகளாகத் தோன்றாமல் தமக்கென ஓர் உடற்கட்டோடு நிற்கின்றன என்பது எனக்கு விளங்கிற்று.

வண்டி நகர்ந்தபின் இன்னொரு வியப்பு. இங்கே அனுமதிக்கப்பட்ட உச்ச வேகம் மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டர். காகிதத்தில் சாதாரண எண். ஆனால் இயக்கச் சக்கரத்தின் விட்டம் இரண்டடிக்குச் சற்றே மேல் என்பதால், அந்த வேகத்தில் அது நொடிக்கு ஐந்து சுற்றுக்கும் மேல் சுழல்கிறது. ஆறடி எட்டங்குலச் சக்கரம் கொண்ட பெரிய எஞ்சின் மணிக்கு 120 கிலோமீட்டருக்கு மேல் ஓடினால்தான் அதன் தண்டுகள் இதே விரைவில் அடிக்கும். காதில் விழும் ஓசை முழுவேக விரைவு ரயிலின் ஓசை. நாம் உட்கார்ந்திருப்பதோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். வேலியோரப் புல் முகத்தை ஒட்டி ஓடுகிறது. ஹைத்திலிருந்து நியூ ரோம்னி வரை இரட்டைப் பாதை. எதிரே வரும் ரயில், கை நீட்டினால் தொட்டுவிடும் நெருக்கத்தில், ஒரே வீச்சில் வெப்பத்தையும் எண்ணெய் மணத்தையும் முகத்தில் அடித்துவிட்டுக் கடந்து போகிறது. அந்த ஒரு நொடிக்காகவே நான் திறந்த பெட்டியைத் தேர்ந்தெடுத்தேன்; கண்ணில் கரித்தூள் விழுவதைப் பொருட்படுத்தாதவர்கள் அப்படியே செய்யலாம்.

மூடிய பெட்டிகளும் நன்றாகவே இருக்கின்றன. மெத்தை இருக்கைகளில் இருவர் இருவராக எதிரெதிரே அமரும் அமைப்பு. உயரமானவர்கள் முழங்காலை மடக்கிக்கொள்ளத்தான் வேண்டும். அது பாதை அகலத்தின் விளைவு, யாரும் மாற்ற முடியாதது. முதியவர்களோடு செல்பவர்கள், குனிந்து ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். சக்கர நாற்காலியோடு ஏறக்கூடிய பெட்டிகளும் உண்டு. முன்கூட்டியே தெரிவித்துவிடுவது நல்லது.

ஹைத்தை விட்டதும் வீடுகளின் பின்புறங்கள் சற்று நேரம் வருகின்றன; பிறகு ரோம்னி ஆடுகள் மேயும் திறந்த வயல்வெளி. நீர் வடியும் கால்வாய்கள் குறுக்கே ஓடுகின்றன. டிம்சர்ச் நிலையம் சுருக்கமானது, கடற்கரைக்குப் போகும் குடும்பங்கள் இறங்கும் இடம். ஆர்வலர்கள் நேரம் கொடுக்க வேண்டிய இடம் நியூ ரோம்னி. அதுவே தலைமையகம், எஞ்சின் கொட்டகையும் பணிமனையும் அங்கேதான். மாதிரி ரயில் காட்சியும் உணவகமும் உண்டு. காட்சி நேர்த்தியாகவே இருக்கிறது. ஆனால் வெளியே உண்மையான நீராவி மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும்போது அதன்முன் நெடுநேரம் நிற்க எனக்குத் தோன்றவில்லை.

ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித்தனி வரலாறு இருப்பது இந்த ரயில்வேயின் பெரும் செல்வம். 1927-இல் வந்த 'டைஃபூன்', 'ஹரிகேன்' ஆகிய இரண்டும் தொடக்கத்தில் மூன்று சிலிண்டர்களோடு கட்டப்பட்டு, பின்னர் இரண்டு சிலிண்டர்களாக மாற்றப்பட்டவை. நீல வண்ண 'ஹரிகேன்' ஹோவிக்கு மிகவும் உகந்தது. 'ஹெர்குலிஸ்', 'சாம்சன்' ஆகியவை நான்கு இணைச் சக்கரங்களைப் பக்கத்துக்குக் கொண்ட சுமை வண்டி எஞ்சின்கள். டஞ்சநெஸ் கடற்கரையின் கூழாங்கற்களை இழுக்கும் வணிகத்தை எண்ணிச் செய்யப்பட்டவை. 1931-இல் வந்த 'வின்ஸ்டன் சர்ச்சில்', 'டாக்டர் சின்' இரண்டும் கனடா நாட்டு எஞ்சின்களின் தோற்றம் கொண்டவை. பின்னதன் பெயர், டிம்சர்ச்சில் பாதிரியாராக இருந்துகொண்டே கள்ளக்கடத்தல் நடத்திய ஒரு கதைமாந்தனின் பெயர். 'பிளாக் பிரின்ஸ்' 1937-இல் ஜெர்மனியில் க்ரூப் நிறுவனம் கண்காட்சி ரயிலுக்காகக் கட்டியது. 1976-இல்தான் இங்கு வந்து சேர்ந்தது.

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொட்டது மிகச் சிறியதாகிய 'தி பக்'. மியூனிக்கின் கிராவுஸ் நிறுவனம் 1926-இல் கட்டிய நான்கு சக்கர எஞ்சின் அது. பாதை போடும் காலத்தில் மண்ணும் கல்லும் இழுத்து, வேலை முடிந்ததும் விற்கப்பட்டு, பிளாக்பூல் கேளிக்கைப் பூங்காவுக்கும் பிறகு பெல்ஃபாஸ்டுக்கும் போய், இறுதியில் பழைய இரும்புக் கிடங்கில் புதைந்து கிடந்தது. 1970-களின் தொடக்கத்தில் இந்த ரயில்வேயை மூடும் நிலையிலிருந்து மீட்டெடுத்த குழுவின் தலைவரான வில்லியம் மக்கால்பைன்தான் அதையும் அங்கிருந்து மீட்டுக் கொண்டுவந்தார். பாதையைப் போட்ட எஞ்சின் மீண்டும் அதே பாதையில் ஓடுகிறது. அதன் சிறிய புகைபோக்கியருகே நின்றபோது, பொன்மலையில் உடைப்பதற்காக ஓரங்கட்டி நிறுத்தப்பட்டிருந்த எஞ்சின்களின் வரிசை என் நினைவுக்கு வந்தது.

இந்தச் சிறிய ரயில்வே போரையும் கண்டிருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ராணுவம் இதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, 'ஹெர்குலிஸ்' எஞ்சினுக்கு இரும்புக் கவசம் பூட்டி, முன்னும் பின்னும் துப்பாக்கி வண்டிகளைக் கோத்துக் கடற்கரையைக் காவல் காத்தது. ஆங்கிலக் கால்வாய்க் கடலுக்கு அடியில் பிரான்சுக்கு எரிபொருள் குழாய் போடும் திட்டத்திற்கான சரக்குகளும் இதே பாதையில் சென்றன. போரின் முடிவில் டஞ்சநெஸ் பகுதி சிதைந்து கிடந்ததால் அங்கே இரட்டைப் பாதையை மீண்டும் போட முடியவில்லை. ஒற்றைப் பாதையாகச் சீரமைத்து 1947 மார்ச்சில் திறந்தபோது நகைச்சுவை நடிகர்களான லாரல், ஹார்டி இருவரும் விருந்தினர்களாக வந்திருந்தார்கள். அமைதிக் காலப் பணிகளில் நான் மிக உயர்வாகக் கருதுவது பள்ளி ரயில். 1977 முதல் 2015 வரை, பள்ளி நாட்களில் மாணவர்களை நியூ ரோம்னியிலுள்ள பள்ளிக்கு இந்த ரயில்தான் ஏற்றிச் சென்றது. அந்தப் பள்ளியின் பெயரையே ஒரு டீசல் எஞ்சினுக்கும் சூட்டினார்கள்.

சாலைக் கடவுகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 2003-லும் 2005-லும் கடவுகளில் கார்கள் மோதியதில் இரண்டு எஞ்சின் ஓட்டுநர்கள் உயிரிழந்தார்கள். அதன்பின் பல கடவுகளில் தடுப்புக் கதவுகள் அமைக்கப்பட்டன. ஒவ்வொரு கடவுக்கு முன்னும் ஊதல் நீளமாக ஒலிப்பதைக் கேட்கும்போதெல்லாம் அந்த இருவரையும் நினைத்துக்கொண்டேன். எஞ்சின் சிறியது என்பதற்காக அதை ஓட்டுபவருக்கு நேரும் ஆபத்து சிறியதாகிவிடுவதில்லை.

நியூ ரோம்னிக்கு அப்பால் ஒற்றைப் பாதை. ரோம்னி சாண்ட்ஸ் நிலையத்தில் எதிர் ரயிலுக்காகக் காத்திருந்து கடக்க வேண்டும். இந்தப் பகுதியில் பல மைல்களுக்கு வீட்டுத் தோட்டங்களின் பின்வேலிகள்தான் காட்சி. துணி உலர்த்தும் கொடிகளும் குழந்தைகளின் ஊஞ்சல்களும் கடந்து செல்கின்றன. இயற்கை எழிலை மட்டும் எதிர்பார்ப்பவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாகப் படலாம். எனக்குப் படவில்லை. மக்கள் வாழும் இடத்தின் முதுகை ஒட்டி ஓடுவது ரயிலின் இயல்பு; கொல்லைப்புறத்தில் நின்று கையசைத்த முதியவர் ஒருவர் அன்று காலையிலிருந்து எத்தனை ரயில்களுக்குக் கையசைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு வேலிகள் திடீரென்று நின்றுபோகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம் கூழாங்கல். மரமில்லை, மண்ணில்லை. தொலைவில் அணுமின் நிலையத்தின் பெருங்கட்டடங்களும் இரண்டு கலங்கரை விளக்கங்களும் மட்டும் எழுந்து நிற்கின்றன. 1904-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கின் ஒளியை அணுமின் நிலையக் கட்டடம் மறைத்துவிடும் என்பதால் 1961-இல் புதியது கட்டப்பட்டது. மின் உற்பத்தி 2018-உடன் நின்றுவிட்டது. நீராவி ரயில் மட்டும் நிற்கவில்லை. ரயில் இந்தக் கூழாங்கல் வெளியில் ஒரு பெரிய வளையமாகச் சுற்றி நிலையத்தை அடைகிறது. அதனால் இங்கே சுழல்மேடை தேவையில்லை; எஞ்சின் தானாகவே திரும்பும் திசைக்கு முகம் காட்டி நிற்கிறது.

டஞ்சநெஸ்ஸில் இறங்கியவர்களில் பலர் உணவகத்தில் மீனும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டுவிட்டு அதே ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான பரிந்துரை. ஒரு ரயிலை விட்டுவிட்டு வெளியே நடங்கள். இங்குள்ள சில வீடுகள், 1920-களில் ரயில்வே ஊழியர்கள் பழைய ரயில் பெட்டிகளை வாங்கி இழுத்து வந்து போட்டுக் கட்டிக்கொண்டவை. கூரைக்கும் சுவருக்கும் இடையே பெட்டியின் வளைவு தெரியும். திரைப்பட இயக்குநர் டெரெக் ஜார்மன் வாழ்ந்த, தார் பூசிய கரிய பலகைச் சுவரும் மஞ்சள் சன்னல் சட்டமும் கொண்ட குடிலும் நடக்கும் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து திரும்பிப் பார்த்தால், கூழாங்கல் வெளிக்குக் குறுக்கே வெண்ணிற ஆவி மட்டும் நகர்ந்து வரும். அடியில் எஞ்சின் இருப்பதே நெடுநேரம் தெரியாது. அந்தக் காட்சியில் அளவு என்பதே மறைந்துவிடுகிறது. அது ஒரு ரயில், அவ்வளவுதான்.

பயணச்சீட்டைப் பொறுத்தவரை, நாள் முழுவதும் ஏறி இறங்கக்கூடிய சீட்டை வாங்குவதுதான் ஆர்வலர்களுக்குப் பொருந்தும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டு வழியும், நியூ ரோம்னியில் தங்கும் நேரமும், டஞ்சநெஸ் நடையும் சேர்த்தால் முழு நாள் சரியாகப் போகும். குளிர்காலத்தில் ஓடும் நாட்கள் குறைவு. எல்லா நாளும் எல்லா ரயிலும் நீராவியில் ஓடும் என்றும் எதிர்பார்க்கக் கூடாது, டீசல் எஞ்சின்களும் பணியில் இருக்கின்றன. ஆகவே அன்றைய அட்டவணையைப் பார்த்த பிறகே புறப்பட வேண்டும். குறிப்பிட்ட ஓர் எஞ்சினைத்தான் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு செல்பவர்கள், பல எஞ்சின்களை ஒருசேர இயக்கும் சிறப்பு நாட்களைத் தேர்ந்தெடுக்கலாம். டஞ்சநெஸ்ஸில் கடற்காற்றைத் தடுக்க எதுவும் இல்லை; கோடையிலும் கம்பளிச் சட்டை தேவைப்படும்.

இங்கிலாந்தில் பதினைந்து அங்குலப் பாதைகளில் பெயர்பெற்ற இன்னொன்று, வடமேற்கில் ரேவன்கிளாஸிலிருந்து எஸ்க் பள்ளத்தாக்குக்கு ஏறும் ஏழு மைல் பாதை. மலையும் காடும் வேண்டுபவர்களுக்கு அதுவே உகந்தது. இயற்கைக் காட்சியில் ரோம்னி அதற்கு ஈடாகாது. ஆனால் விரைவு ரயிலின் நடையும், இரட்டைப் பாதையின் பரபரப்பும், எஞ்சினின் உள்ளுறுப்புகளைக் கைக்கெட்டும் தொலைவில் கவனிக்கும் வாய்ப்பும் வேண்டுபவர்களை நான் தயங்காமல் ரோம்னிக்குத்தான் அனுப்புவேன். பிள்ளைகளோடு செல்பவர்கள் வண்டி ஏறும் முன் அவர்களை எஞ்சினருகே அழைத்துச் சென்று, தண்டு எங்கே தொடங்கிச் சக்கரத்தை எங்கே பற்றுகிறது என்று காட்டிக் கொடுங்கள். அந்த உயரத்தில் அவர்களுக்கு எல்லாமே தெரியும்.

திரும்பும்போது நான் எஞ்சினுக்கு அடுத்த முதல் பெட்டியில் உட்கார்ந்தேன். டஞ்சநெஸ்ஸிலிருந்து ஹைத் வரை ஓட்டுநரின் முதுகும், வலத்தோளும், மண்வாரி எழுந்து தாழ்வதும் கண்ணாடி வழியே தெரிந்துகொண்டே இருந்தன. இருபத்தேழு முறை கரி போட்டார் என்று எண்ணியிருந்தேன்; டிம்சர்ச்சுக்குப் பிறகு எதிர் ரயில் ஒன்று கடந்தபோது எண்ணிக்கை விட்டுப்போயிற்று. ஹைத்தில் வண்டி நின்றதும் அவர் இறங்கி, முதல் வேலையாகப் புறங்கையைத் தண்டு மூட்டின்மேல் வைத்துச் சூடு பார்த்தார். ஒவ்வொன்றாக எல்லா மூட்டுகளையும் பார்த்த பிறகே தண்ணீர்க் குழாயை நோக்கி நகர்ந்தார்.